உஷார்! கார்பைடு ஹாப் சொல்லிவிட்டு உடையாது

கோவை கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, ஓசூர், அம்பத்தூர் என்று கியர் வெட்டும் பட்டறை எங்கே இருந்தாலும் சரி, டீ குடிக்கும் நேரத்திலாவது இதைப் படித்துவிடுங்கள். வருஷக்கணக்கில் ஓட்டிய ஹெச்.எஸ்.எஸ். ஹாப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கார்பைடு ஹாப் மாட்டப் போகிறீர்களா? ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? எதுவானாலும் உஷார். பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய கட்டர் ஒரு நொடியில் குப்பைக்குப் போகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் கட்டரைச் சாணை பிடிக்கும் ஆளின் நெஞ்சுக்குள் இறங்கும் தூசி. அந்த விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

கார்பைடு என்பது டங்ஸ்டன் கார்பைடு குருணைகளைக் கோபால்ட் உலோகத்தால் பிணைத்துச் சூளையில் சுட்டு எடுத்த சரக்கு. ஜெர்மனியில் ஆஸ்ரம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் 1923-இல் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சில வருஷங்களில் க்ரூப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் பட்டறைகளில் இன்றும் எந்தக் கம்பெனி கார்பைடு வந்தாலும் அது விடியாதான். ஹெச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி சூட்டில் தளர்ந்துபோகும். கார்பைடு 800 டிகிரியைத் தாண்டியும் விறைப்பாக நிற்கும். ஹெச்.எஸ்.எஸ். ஹாப்பை நிமிடத்துக்கு 80, 100 மீட்டர் வேகத்தில் ஓட்டும் இடத்தில் கார்பைடை 200, 300 மீட்டரில் ஓட்டலாம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது பொய்யில்லை.

அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஹெச்.எஸ்.எஸ். மழுங்கும்போது ஜாடை காட்டும். சத்தம் மாறும், பிசிறு ஏறும், பல்லின் முகம் சொரசொரப்பாகும், மெஷின் முனகும். அதைக் கேட்டே பழகிய ஆபரேட்டர் அரை மணி நேரம் முன்னாலேயே ஹாப்பை நகர்த்திவிடுவார். கார்பைடு கடைசி கியர் வரைக்கும் நன்றாகத்தான் வெட்டும். அடுத்த கியரில் பல் தெறிக்கும். நான் பார்த்த வரைக்கும், கார்பைடு கட்டர் காலியாவதற்குக் கட்டர் காரணமாக இருப்பது அபூர்வம். ஹெச்.எஸ்.எஸ். பொறுத்துக்கொண்ட பழக்கங்களை இதனிடமும் காட்டுவதுதான் காரணம்.

முதல் பழக்கம், பழைய மெஷினிலேயே மாட்டிப் பார்ப்பது. ஒரு கணக்குப் போடுங்கள். 80 மி.மீ. விட்டமுள்ள ஹாப்பை நிமிடத்துக்கு 90 மீட்டரில் ஓட்ட சுமார் 360 சுற்று வேண்டும். அதையே 250 மீட்டரில் ஓட்ட சுமார் 1,000 சுற்று. பழைய மெக்கானிக்கல் ஹாப்பிங் மெஷின் பலவற்றில் ஸ்பிண்டில் அவ்வளவு சுற்றாது. சுற்றினாலும் பிரச்சனை டேபிளில் வரும். ஒற்றை ஸ்டார்ட் ஹாப்பில் 20 பல் கியர் வெட்டினால், ஹாப் 1,000 சுற்று சுற்றும்போது டேபிள் 50 சுற்று சுற்றியாக வேண்டும். பத்துப் பதினைந்து சுற்றுக்கே பழகிய வார்ம் வீலை அந்த வேகத்தில் ஓட்டினால் சூடேறி இறுகும், தேயும். டேபிள் போனால் மெஷினே போனது.

சரி, பயந்துகொண்டு கார்பைடை ஹெச்.எஸ்.எஸ். வேகத்திலேயே ஓட்டுகிறேன் என்கிறீர்களா? அது இன்னும் மோசம். வேகம் குறைந்தால் எஃகு கட்டரின் விளிம்பில் ஒட்டும். ஒட்டியது பிய்ந்து வரும்போது கார்பைடையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். மெஷினுக்கு விறைப்பு இல்லை, வேகம் இல்லை என்றால் நல்ல கோட்டிங் போட்ட பவுடர் மெட்டலர்ஜி ஹெச்.எஸ்.எஸ். ஹாப் வாங்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஃபீடிலும் கை வைக்காதீர்கள். கார்பைடில் லாபம் வேகத்தில்தான் எடுக்க வேண்டும். ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்குக் கொடுத்த தடித்த சிப்பை இதற்கும் கொடுத்தால் முனை தாங்காது.

அடுத்து செட்டிங். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். துளையுள்ள ஹாப்பில் இரண்டு பக்கமும் வழவழப்பாக ஒரு காலர் இருக்கும். ஹாப்பை ஆர்பரில் ஏற்றியதும் டயலை வைத்துப் பார்க்கத்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பார்த்து, “முள்ளு ஆடலீங்கண்ணா, ஓட்டிரலாம்” என்று சொல்லிவிட்டுப் போகும் பையனை அப்படியே நிறுத்துங்கள். இரண்டு காலரையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் மேடு எந்த இடத்தில் வருகிறது என்று சாக்பீஸால் குறிக்க வேண்டும். இரண்டு மேடும் ஒரே திசையில் இருந்தால் ஹாப் மையம் விலகிச் சுற்றுகிறது. எதிரெதிர்த் திசையில் இருந்தால் ஹாப் சாய்ந்து ஆடுகிறது. ஆட்டம் 0.01 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்பேசரின் முகத்தில் ஒரு தூசி, ஒரு சின்னப் பிசிறு இருக்கும். கழற்றித் துடைத்து, எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்து மறுபடி மாட்டுங்கள்.

இந்த இடத்தில்தான் பழைய கை நீளும். தாமிரச் சுத்தியலால் ஒரு தட்டு, முள் நேராகிவிடும். ஹெச்.எஸ்.எஸ். ஹாப்பைத் தட்டியே காலம் தள்ளிய ஃபோர்மேன்கள் உண்டு. கார்பைடில் அந்தத் தட்டு அப்போதைக்கு எதையும் காட்டாது. உள்ளே ஒரு மயிரிழைக் கீறல் விழும். மறுநாள் லோடு ஏறும்போது அது பிளக்கும். “சரக்கு மட்டம்” என்று சப்ளையரைத் திட்டுவோம். ஆட்டத்தோடு ஓட்டினாலும் கதை அதேதான். மையம் விலகினால் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் கூடுதல் சிப் எடுக்கும். ஹெச்.எஸ்.எஸ்.ஸில் அந்தப் பற்கள் முதலில் தேயும். கார்பைடில் முதலில் உடையும். உடைந்த பல் விட்ட வேலை அடுத்த பல்லின் தலையில் விழுந்து அதுவும் போகும்.

பெரிய மாட்யூலுக்கு இன்சர்ட் பூட்டும் கட்டர் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இன்சர்ட் உட்காரும் குழியில் ஒரு துணுக்கு இரும்பு ஒட்டியிருந்தால் போதும், அந்த ஒரு இன்சர்ட் மட்டும் தலையைத் தூக்கி நிற்கும். மாற்றும்போது ஒவ்வொரு குழியையும் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். திருகை டார்க் கீ கொண்டு, கட்டர் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். சாதாரண சாவியில் குழாய் மாட்டி இறுக்கினால் திருகு நீண்டுபோகும், இன்சர்ட்டின் துளையோரம் விரியும். தலை தேய்ந்த திருகைச் சேர்த்து வைக்காதீர்கள். சில ரூபாய்த் திருகை மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் போகும் கட்டர் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இனி தண்ணீர் விஷயம். ஹாப்பிங் என்பது விட்டு விட்டு வெட்டும் வேலை. ஒவ்வொரு பல்லும் உள்ளே போய்ச் சூடாகிறது, வெளியே வந்து ஆறுகிறது. வெளியே வரும் நேரத்தில் கூலன்ட் பட்டால், அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றிய கதைதான். வெட்டு விளிம்புக்குக் குறுக்கே, சீப்புப் பல் போல வரிசையாகக் கீறல் விழும். இரண்டு கீறலுக்கு நடுவில் உள்ள துண்டு பெயர்ந்து வரும். அதனால்தான் கார்பைடு ஹாப்பிங்கைப் பெரும்பாலும் கூலன்ட் இல்லாமல் ஓட்டுகிறார்கள். சூட்டின் பெரும்பகுதியைச் சிப்பே சுமந்துகொண்டு போய்விடும். காற்றடித்துச் சிப்பை அப்புறப்படுத்தினால் போதும். கூலன்ட் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கட்டர் வேலையைத் தொடும் முன்பே திறந்து, கட்டர் வெளியே வரும் வரை வெள்ளமாக ஓட விடுங்கள். நடுவில் நின்று நின்று வரும் கூலன்டும், பாதி அடைத்த குழாயும், “ரொம்பச் சூடாயிருச்சுங்க” என்று குவளையில் மொண்டு ஊற்றும் ஆபரேட்டரும்தான் கார்பைடுக்கு எமன்.

உலர் வெட்டுக்கும் தனியாக ஒரு ஆபத்து உண்டு. சிப் செக்கச்செவேல் என்று சூடாக விழும். அதை மெஷின் படுக்கையில் குவிய விட்டால் படுக்கை ஒரு பக்கம் விரிந்து, காலையில் சரியாக வந்த அளவு மத்தியானத்துக்கு மேல் நழுவும். கன்வேயரோ சரிவான தகடோ இல்லாத மெஷினில் அடிக்கடி நிறுத்தி வாருங்கள், கையால் வேண்டாம். இதற்கு நேர் எதிராக, தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயில் ஓடும் மெஷினில் கார்பைடைக் கார்பைடு வேகத்தில் ஓட்டினால் எண்ணெய் புகையாக எழும். மூடிய மெஷினுக்குள் அந்தப் புகை பற்றிக்கொள்ளும். கியர் பட்டறைகளில் தீப்பிடிக்கும் வழிகளில் இது ஒன்று. புகை உறிஞ்சி இல்லாமல், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது.

ஃபீடு திசையையும் கவனியுங்கள். கார்பைடுக்குக் க்ளைம்ப் முறைதான் தோது. பல் தடித்த சிப்போடு நுழைந்து மெல்லிய சிப்போடு வெளியேறும், தேய்த்துக்கொண்டே நுழையும் தொல்லை இல்லை. ஆனால் ஃபீடு ஸ்க்ரூவில் ஆட்டம் உள்ள பழைய மெஷினில் க்ளைம்ப் போட்டால், வெட்டும் விசையே ஸ்லைடை முன்னால் இழுக்கும். ஒரே இழுப்பில் இரட்டைச் சிப். அதோடு சரி. முதலில் ஸ்க்ரூ ஆட்டத்தைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் க்ளைம்ப் பற்றிப் பேசுங்கள்.

கரண்ட் போனால்? இதை யாரும் கேட்டலாகில் எழுதுவதில்லை, ஆனால் நமக்குத் தெரியும். ஹாப் பாதி வெட்டில் நிற்கிறது, விளிம்பில் பாதி உரித்த சிப் சிக்கியிருக்கிறது. கரண்ட் வந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கினால் சிக்கிய சிப் எல்லாப் பல்லையும் ஒரே நேரத்தில் முட்டும். பின்பக்கமாகக் கையால் சுற்றுவதும் கூடாது, சிப் விளிம்புக்கு அடியில் ஆப்பு மாதிரி ஏறும். ஹாப்பை நேராக, மெதுவாக, வேலையை விட்டு வெளியே இழுங்கள். பிறகு ஒவ்வொரு பல்லையும் பத்து மடங்கு லூப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சி.என்.சி. மெஷினில் ஹாப்புக்கும் டேபிளுக்கும் உள்ள இணைப்பு எலக்ட்ரானிக் இணைப்பு என்பதால் இன்னும் சிக்கல். கரண்ட் போன கணத்தில் மிச்சம் இருக்கும் மின்சாரத்தை வைத்தே கட்டரைத் தானாகப் பின்னிழுக்கும் வசதி பல மெஷின்களில் உண்டு. உங்கள் மெஷினில் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் நம்ப வேண்டாம்.

பிளாங்கும் குற்றவாளியாகலாம். ஃபோர்ஜிங் செதில் போகாத பிளாங்க், ஒழுங்காக அனீல் செய்யாமல் ஒரு பக்கம் கெட்டியாகவும் ஒரு பக்கம் மிருதுவாகவும் இருக்கும் இ.என். 353, முகத்தில் பிசிறோடு அடுக்கிய பிளாங்குகள், எல்லாமே கார்பைடு முனையைத் தின்னும். ஜாப் ஒர்க்குக்கு வரும் மெட்டீரியலை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் வந்த லாட்டில் சிலவற்றையாவது ஹார்ட்னஸ் பார்க்காமல் ஹாப்பை வைத்தால் நஷ்டம் நம் கணக்கில்தான் ஏறும்.

ஹார்ட்னிங் முடிந்த கியரை, அதாவது 58 முதல் 62 எச்.ஆர்.சி. வரை உள்ளதை, நெகட்டிவ் ரேக் கொடுத்த கார்பைடு ஹாப்பால் கடைசியாகச் சீவி எடுக்கும் வேலைக்கு இரட்டை உஷார். இந்த ஹாப் பல்லின் இரண்டு பக்கத்தை மட்டும்தான் தொட வேண்டும், அடிவேரைத் தொடவே கூடாது. அதற்காகத்தான் ஹார்ட்னிங்குக்கு முன்பே, முனையில் புடைப்பு வைத்த ஹாப்பால் அடியைக் கொஞ்சம் கூடுதலாகத் தோண்டி வைக்கிறோம். சாதாரண ஹாப்பால் வெட்டிய கியரைக் கொண்டுவந்து, “ஹார்டு ஸ்கைவிங் பண்ணிக் கொடுங்க, நாளைக்கு டிஸ்பாட்ச்” என்று நிற்கும் பார்ட்டியிடம் தயங்காமல் முடியாது என்று சொல்லுங்கள். ஹாப்பின் தலைமுனை அடிவேரில் இடித்த முதல் கியரிலேயே கூலியைவிடச் செலவு கூடிவிடும். அதேபோல, ஏற்கெனவே உள்ள பல்லிடைவெளியின் நடுவில் ஹாப் பல் இறங்க வேண்டும். நடு தவறினால் ஒரு பக்கம் காற்றை வெட்டும், இன்னொரு பக்கம் இரண்டு மடங்கு எடுக்கும்.

இப்போது பணம் கரையும் இடத்துக்கு வருவோம், சாணை. “இன்னும் ஓடும், இன்னும் ஓடும்” என்று ஓட்டுவது ஹெச்.எஸ்.எஸ்.ஸிடம் கற்ற பாடம். ஹெச்.எஸ்.எஸ். ஹாப்பில் பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. வரை போனாலும் சமாளிக்கலாம். கார்பைடில் 0.15 மி.மீ.தான் எல்லை. அதற்கு மேல் தேய்மானம் நிதானமாக ஏறாது, திடீரென்று பெயரும். சும்மா கணக்குக்கு, ஹாப் பல்லில் சாணைக்கு 4 மி.மீ. மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.15-இல் எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. உரித்தால் போதும், 20 தடவை வரும். பேராசைப்பட்டு ஓட்டி, பெயர்ந்த பிறகு எடுத்தால் ஒரே தடவையில் 0.6 மி.மீ. போகும். ஆறு தடவையோடு ஹாப் தீர்ந்தது. எத்தனை கியருக்கு ஒருமுறை ஹாப்பை நகர்த்துவது, எத்தனை கியருக்கு ஒருமுறை கழற்றுவது என்று மெஷினிலேயே எழுதி ஒட்டுங்கள். காதை நம்ப வேண்டாம்.

சாணையில் பச்சைக்கல்லை மறந்துவிடுங்கள். பிரேஸ் செய்த டிப்பைப் பச்சைக்கல்லில் பிடித்து, சிவக்கச் சிவக்கத் தேய்த்து, பக்கத்து டப்பாத் தண்ணீரில் ‘சொய்ங்’ என்று முக்கும் காட்சியைப் பார்க்காத பட்டறை கிடையாது. அந்தச் சத்தம் கேட்கும்போதே டிப்புக்குள் கீறல் ஓடிவிட்டது. கார்பைடுக்கு ரெசின் பாண்டு டைமண்ட் வீல்தான். கூலன்ட் விடுவதானால் தாராளமாக விடுங்கள். இல்லையென்றால் துளிகூட வேண்டாம், மெல்ல மெல்லத் தேய்த்துத் தானாக ஆற விடுங்கள். டைமண்ட் வீலில் அடியிலுள்ள எஃகு உடம்பையும் சேர்த்துத் தேய்க்கும் சோம்பேறித்தனமும் உண்டு. எஃகு வீலை அடைக்கும், சூட்டில் வைரத்தையே இரும்பு தின்னும். எஃகைத் தனியாக வெள்ளைக்கல்லில் ஒதுக்கிவிட்டு அப்புறம் கார்பைடுக்கு வாருங்கள். சாணை முடிந்ததும் சிவப்பு மையைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். அந்தக் கட்டரை மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சாணை பிடித்த முகத்தில் கோட்டிங் போய்விடும். இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பி வகைக் கார்பைடு என்றால் முகத்தில் கோட்டிங் இல்லாமலும் எஃகை வெட்டி ஓட்டலாம். கே வகை என்றால் கூடாது. எஃகுச் சிப் உரசி முகத்தில் குழி விழும், ஒவ்வொரு சாணைக்குப் பிறகும் மறுபடி கோட்டிங் போட்டே ஆக வேண்டும். உங்கள் ஹாப் எந்த வகை என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோட்டிங் போடுபவரிடம், பழையதை எப்படி உரிக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். உரிக்கும் ரசாயனம் அளவு மீறினால் மேல்பரப்பில் உள்ள கோபால்ட்டையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பிணைப்புப் போன அந்தப் பரப்பின் மேல் எவ்வளவு நல்ல கோட்டிங் போட்டாலும் தோலோடு உரிந்து வரும்.

பிரேஸ் செய்வது பற்றியும் சுருக்கமாக. எஃகு சூட்டில் விரியும் அளவில் பாதிதான் கார்பைடு விரியும். வெள்ளிப் பற்றவைப்பு முடிந்ததும் தண்ணீரில் போட்டால் இரண்டும் இழுத்துக்கொண்டு டிப் பிளக்கும். காய்ந்த சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆற விட வேண்டும். இன்னொன்று உயிர் விஷயம். வெள்ளிப் பற்றவைப்புக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும். அளவுக்கு மேல் சூடேற்றினால் அதன் புகை எழும். அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போது நெஞ்சு அடைத்து, மூச்சு வாங்கி, உயிரே போகலாம். ஐரோப்பாவில் காட்மியம் கலந்த இந்தக் கம்பிகளை 2011-லேயே தடை செய்துவிட்டார்கள். கடையில் காட்மியம் இல்லாத கம்பி என்று கேட்டு, அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உலகச் சுரங்கங்களில் எடுக்கும் டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் சீனா டங்ஸ்டன் பொருட்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதே மாதம் காங்கோ கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. கார்பைடுக்குத் தேவையான இரண்டு சரக்குக்கும் ஒரே நேரத்தில் முட்டுக்கட்டை. விலை ஏறினால் போலியும் கூடவே ஏறும். பெரிய பிராண்டின் பெட்டி மாதிரியே பெட்டி, பாதி விலை, பில் இல்லை என்றால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். கார்பைடு எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், அது சரிதான். ஆனால் மட்டமான கார்பைடும் அதே கனம்தான். பில்லும் பேட்ச் நம்பரும்தான் சாட்சி. உடைந்த டிப்புகளையும் குப்பையில் போடாதீர்கள். கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி அறை உள்ள மரப்பெட்டியில் நல்ல கட்டர்களை வைப்பதும் அந்தக் காசு மிச்சத்தில் சேரும்.

இனி தூசி.

கார்பைடைச் சாணை பிடிக்கும்போது டங்ஸ்டன் கார்பைடும் கோபால்ட்டும் சேர்ந்தே பறக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூளைவிடத் தெரியாத தூள்தான் நுரையீரலின் அடி வரை இறங்கும். கார்பைடு ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலில் இதனால் வரும் மாற்றத்தை ஜெர்மனியில் 1940-லேயே எழுதிவிட்டார்கள். கோபால்ட் தனியாகப் போவதைவிடக் கார்பைடோடு கூட்டாகப் போகும்போது கெடுதல் அதிகம். புற்றுநோய் பற்றி ஆராயும் உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவு, டங்ஸ்டன் கார்பைடோடு சேர்ந்த கோபால்ட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள 2ஏ வகையில் 2006-இல் சேர்த்தது. எல்லோருக்கும் வருவதில்லை. இருபது வருஷம் சாணை பிடித்தவர் திடமாக இருப்பார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன பையன் மாடிப்படி ஏற மூச்சு வாங்குவான். யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. “நான் எத்தனை வருஷமாப் பாக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே” என்ற பேச்சுக்கு அதனால்தான் மதிப்பில்லை.

தண்ணீர் விட்டு அரைத்தால் தூசி இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் உஷார். நீரில் கலக்கும் கூலன்ட் கோபால்ட்டைக் கரைத்துக்கொள்ளும். அதே கூலன்ட் தொட்டியில் சுற்றிச் சுற்றி வந்து, வீல் வேகத்தில் சாரலாக எழுந்து மூக்குக்குப் போகும். கையில் படர்ந்து சொறியாகவும் வரும். கார்பைடு அரைக்கவென்றே கோபால்ட் கரையாமல் தடுக்கும் கூலன்ட் விற்கிறார்கள், அதைப் போடுங்கள். தொட்டியைக் காலத்தில் மாற்றுங்கள். அடியில் படியும் சேற்றைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அந்தச் சேற்றுக்கும் ஸ்க்ராப் விலை உண்டு.

சாணை மெஷினில் வீலுக்கு ஒட்டியே உறிஞ்சு குழாய் வேண்டும். அறையின் மூலையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றினால், தூசி அதை அடையும் முன் ஆளின் மூக்கைக் கடந்துதான் போகும். கர்ச்சீப் கட்டுவது முகமூடி இல்லை. என்95 மாஸ்க்கை இடைவெளி இல்லாமல் பொருத்திப் போட வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். ஷிப்ட் முடியும்போது ஏர் கன் எடுத்து மெஷினையும் சட்டையையும் ‘ஷ்’ என்று அடித்துக்கொள்வது இருக்கிறதே, நாள் முழுக்கப் படிந்ததை மொத்தமாக மறுபடி மூக்கில் ஏற்றுவது அதுதான். ஈரத்துணியில் துடையுங்கள். வேலைச் சட்டை பட்டறையிலேயே இருக்கட்டும், குழந்தை துணியோடு சேர்த்து வீட்டில் துவைக்க வேண்டாம். வீலுக்குப் பக்கத்தில் டீ டம்ளரை வைக்காதீர்கள்.

வறட்டு இருமல். ஏறினால் இறங்கினால் மூச்சு வாங்குவது. ஞாயிற்றுக்கிழமையோ ஊர் நோன்பிக்கு லீவு போட்டாலோ குறைந்து, திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் திரும்புவது. சாணை பிடிக்கும் ஆளுக்கு இப்படி இருந்தால் மருந்துக்கடை டானிக்கோடு விட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா, டி.பி., புகைபிடிப்பதால் வந்தது என்று வேறு பெயரில் மாதக்கணக்கில் வைத்தியம் ஓடும். அந்த மாதங்களிலும் ஆள் அதே வீலுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார். நெஞ்சு நோய் டாக்டரிடம் போகும்போது, என்ன வேலை என்று கேட்டால் “கம்பெனி வேலைங்க” என்று முடித்துவிடாமல், “விடியா சாணை பிடிக்கிறேன், அதில் கோபால்ட் இருக்கிறது” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதலாளி கூடவே போனால் இன்னும் நல்லது. அந்தப் பையனைச் சாணையிலிருந்து எடுத்து வேறு மெஷினுக்கு மாற்ற வேண்டியவர் அவர்தானே.